செஞ்சிக் கோட்டையில் இரண்டு நாட்கள்

பெங்களூரிலிருந்து புதுச்சேரி செல்வோர் ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, செங்கம், திருவண்ணாமலை ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கு நோக்கிச் செல்வர். திருவண்ணாமலையை விட்டு ஏறத்தாழ 37 கிலோமீட்டர் சென்றதும் சாலை இரு பெருங்குன்றுகளுக்கு நடுவே புகுகின்றது. இடப்புறம் நிற்பது கிருஷ்ணகிரி. வலப்புறம் நிற்பது ராஜகிரி. இரண்டும் மண்ணைப் பெயரளவுக்கே தாங்கிய பாறைக் குவியல்கள். பூதங்கள் விளையாடிவிட்டு அடுக்கி வைத்துச் சென்றவை போன்ற உருண்டைக் கற்களுக்கிடையே, கல்லோடு கல்லாகப் பொருந்தி வளைந்து வளைந்து ஏறும் மதிற்சுவர் கண்ணுக்குப் புலனாகிறது. விடுமுறை நாட்களில் கர்நாடகப் பதிவெண் கொண்ட வண்டிகள் நூற்றுக்கணக்கில் இவ்விடத்தைக் கடக்கின்றன. நிற்பவை சில. மற்றவர்க்குக் கடற்கரைதான் குறி.

தொம்மலூரில் நாங்கள் குடியிருக்கத் தொடங்கிப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒவ்வொரு முறையும் இவ்வழியே சென்றும் வண்டியை நிறுத்தாமல் போனவர்களே நாங்களும். சென்ற விடுமுறையில் என் மாமியார் எங்களுடன் வந்திருந்தார். ஆரணிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர் அவர். இளமையில் இரவெல்லாம் விழித்துத் தேசிங்கு ராஜன் கூத்தைப் பார்த்தவர். 'இத்தனை ஊர் சுற்றினீர்கள். தேசிங்கு ராஜன் கோட்டையைப் பிள்ளைகளுக்குக் காட்டினீர்களா?' என்று அவர் ஒரு வார்த்தை கேட்டார். அதனால் புதுச்சேரிக்கென்று ஒதுக்கிய நான்கு நாட்களில் இரண்டைச் செஞ்சிக்கு மாற்றினோம்.

நேயர்களே, பிரெஞ்சு நாட்டின் சிற்றூர்ப்புறங்களில் குன்றுதோறும் ஒரு பழங்கோட்டை உண்டென்றும், அந்நாட்டுக் குடும்பங்கள் விடுமுறையில் உணவுக் கூடையோடு அவற்றைச் சுற்றி வருவது வழக்கமென்றும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் அதனை 'ஷாத்தோ' என்பர். அரசன் வாழும் மாளிகைக்கும் படைவீரர் காக்கும் கோட்டைக்கும் அவர்களிடம் அந்த ஒரே சொல். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்பவனாதலின் இத்தகைய சொற்களில் என் மனம் நின்றுவிடும். தமிழில் அரண், எயில், மதில், கோட்டை, கொத்தளம் என்று அடுக்கிக்கொண்டே போகலாம். திருக்குறளில் அரண் என்பதற்கே ஓர் அதிகாரம் உண்டு. நீரும் நிலமும் மலையும் காடும் சேர்ந்ததே அரண் என்னும் கருத்து அதில் வருகிறது. செஞ்சியைப் பார்த்த பிறகு அவ்வதிகாரம் வெறும் ஏட்டுக் கருத்தாகத் தோன்றுவதில்லை. அரசு ஆவணங்களில் இவை அனைத்துக்கும் 'கோட்டை' என்ற ஒரே சொல்லை எழுதிக் கடந்துவிடுகிறோம் என்பது வேறு செய்தி.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை முக்கோணத்தின் மூன்று முனைகளாகக் கொண்டு, அவற்றை மதிலால் இணைத்தமைத்ததே செஞ்சிக் கோட்டை. சுற்று மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். ராஜகிரியின் உச்சி ஏறத்தாழ 800 அடி உயரம். மூன்று குன்றுகளும் தனித்தனியே கோட்டைகள். ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை நின்று போரிட வல்லவை. அவற்றுள் உயர்ந்ததான ராஜகிரியின் உச்சியை அடையுமுன் ஆழமான பிளவு ஒன்று குறுக்கிடுகிறது. முற்காலத்தில் அதன் மீது மரத்தாலான தூக்குப்பாலம் இருந்தது. பாலத்தை எடுத்துவிட்டால் சில வீரரே ஒரு சேனையை நிறுத்தி வைக்கலாம். இன்று அங்கே நிலையான பாலம் உண்டு. என் மகன் அதன் நடுவில் நின்று கீழே பார்த்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டுதான் மறுபுறம் வந்தான். அவனுக்கு வயது பன்னிரண்டு. கையைப் பிடிப்பது அவன் அண்மையில் விட்டுவிட்ட பழக்கம்.

இக்கோட்டையை முதலில் எழுப்பியவர் யார்? மெக்கன்சி திரட்டிய சுவடிகளுள் 'கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' என்னும் தமிழ் நூல் ஒன்றுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணன் என்பவர் எழுதியது. ஆடு மேய்க்கும் குலத்தைச் சேர்ந்த ஆனந்தக் கோன் என்பவர் ஏறத்தாழ 1190ஆம் ஆண்டளவில் புதையல் கண்டெடுத்து, அதனைக் கொண்டு முதற்கோட்டையைக் கட்டினார் என்பது இம்மரபில் வழங்கும் செய்தி. ராஜகிரிக்கு ஆனந்தகிரி என்ற பழம்பெயர் உண்டானதும் அவராலேயே. அவருக்குப்பின் வந்த கிருஷ்ணக் கோனின் பெயரால் கிருஷ்ணகிரி பெயர் பெற்றது. புதையல் கதையை அப்படியே நம்ப வேண்டுவதில்லை. எல்லாக் கோட்டைக்கும் ஒரு புதையல் உண்டு. ஆயினும், அந்தப் பாறைக் காட்டில் எந்த இடுக்கில் நீர் ஊறும், எந்தச் சரிவில் ஏற வழியுண்டு என்பதை ஆட்டின் பின்னே நடந்தவனைவிட நன்கு அறிந்தவர் யாராக இருக்க முடியும்? அந்த அளவில் மரபுக் கதை நம்பத் தகுந்ததாகவே எனக்குப் படுகிறது.

விஜயநகரப் பேரரசின் கீழ் பதினாறாம் நூற்றாண்டில் செஞ்சியில் நாயக்கர் ஆட்சி நிலைபெற்றது. மதுரை, தஞ்சை நாயக்கர்களை அறிந்தவர்களும் செஞ்சி நாயக்கர்களைப் பற்றி அதிகம் அறிவதில்லை. இன்று நாம் காணும் கட்டடங்களுள் பெரும்பகுதி அவர்கள் காலத்தன. அடிவாரத்திலுள்ள கல்யாண மகால், அடுக்கின் மேல் அடுக்காகச் சிறுத்துக்கொண்டே உயர்ந்து கூர்ங்கூரையில் முடிகிறது. மண்குழாய்களின் வழியே மேல் அடுக்குகளுக்கு நீர் ஏற்றினர் என்பர். நெற்களஞ்சியங்கள் நெடிய வளைவுக் கூரைகளுடன் நிற்கின்றன. உள்ளே நின்று குரல் கொடுத்தால் சுவர்கள் திருப்பிச் சொல்கின்றன. பிள்ளைகள் அங்கிருந்து நகர மறுத்தமைக்கு அதுவே காரணம். குதிரை லாயம், உடற்பயிற்சிக் கூடம், ஆனைக்குளம் ஆகியவை அருகருகே உள்ளன. வேங்கடரமணர் கோயில் முத்தியாலு நாயக்கர் கட்டியது. கிருஷ்ணகிரியின் மேல் எண்ணெய் சேமித்து வைத்த கிணற்றையும் காட்டுகிறார்கள்.

ஏசு சபையைச் சேர்ந்த பிமெந்தா பாதிரியார் 1597இல், இரண்டாம் கிருஷ்ணப்ப நாயக்கர் காலத்தில் செஞ்சிக்கு வந்தார். தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதுவே பெரியது என்றும், போர்ச்சுகல் நாட்டில் லிஸ்பன் ஒன்று நீங்கலாக இதற்கு ஈடான நகரம் இல்லை என்றும் அவர் எழுதினார். அப்பெருநகரம் இருந்த வெளியில் இன்று வயல்களும் முட்புதர்களுமே உள்ளன. வீடுகள் மண்ணாலும் ஓலையாலும் ஆனவை போலும். கல்லை மட்டுமே காலம் விட்டு வைத்தது.

இனி, பெங்களூரில் வாழும் நமக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். செஞ்சிக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடும் சரித்திரச் சாலை, நெடுஞ்சாலைத் துறை போட்ட சாலைக்கு நெடுங்காலம் முந்தியது.

பீஜப்பூர்ச் சுல்தானின் படைகள் 1638ஆம் ஆண்டளவில் பெங்களூரைக் கைப்பற்றியபோது, அவ்வூர் சிவாஜியின் தந்தையாகிய ஷாஜிக்கு ஜாகீராகக் கிடைத்தது. அதே ஷாஜி, பீஜப்பூர்ப் படையோடு செஞ்சியை முற்றுகையிடச் சென்றார். 1648 ஜூலையில் செஞ்சிக்கு அருகே பாசறையில் இருந்தபோதே தம் தலைமைத் தளபதி முஸ்தபா கானால் கைது செய்யப்பட்டார். முற்றுகையின் முடிவில் செஞ்சி பீஜப்பூர் வசமாயிற்று; நாயக்கர் ஆட்சி முடிந்தது. ஷாஜியின் மற்றொரு மகனாகிய ஏகோஜி பெங்களூரிலிருந்து புறப்பட்டுத்தான் பின்னர்த் தஞ்சையைக் கைக்கொண்டு அங்கே மராட்டிய அரசை நிறுவினார். பிழைப்பைத் தேடித் தமிழர் பெங்களூருக்கு வந்த கதையை நாம் அறிவோம். பெங்களூரிலிருந்து அரசைத் தேடித் தமிழ்நாட்டுக்குப் போனவர்களும் உண்டு.

சிவாஜி 1677இல் தென்னாட்டுப் படையெடுப்பின்போது செஞ்சியைக் கைப்பற்றினார். பழைய மதில்களில் வேண்டாதவற்றை நீக்கி, அகழியை ஆழப்படுத்தி, புதிய கொத்தளங்களை எழுப்பினார் என்பது ஏசு சபைப் பாதிரிமாரின் கடிதங்களால் தெரிகிறது. சொந்த நாட்டிலிருந்து இத்தனை தொலைவில் ஒரு கோட்டைக்கு இவ்வளவு செலவு ஏன்? பன்னிரண்டு ஆண்டுகளில் விடை கிடைத்தது. 1689 மார்ச்சில் ஔரங்கசீப் சிவாஜியின் மகன் சம்பாஜியைக் கொல்வித்தார். சம்பாஜியின் தம்பி ராஜாராம் பன்ஹாளாக் கோட்டையிலிருந்து செப்டம்பரில் தப்பி, சில துணைவர்களோடு யாத்திரிகர் வேடத்தில் தெற்கே புறப்பட்டார். முன்கூட்டியே செப்பனிட்டு வைத்த செஞ்சிதான் அவருக்குப் புகலிடம்.

அந்தப் பயணத்தில் ஒரு நிகழ்ச்சி நம் பெங்களூரில் நடந்ததென்பது மராட்டிய வரலாற்று மரபு. 1687இல் மொகலாயர் வசப்பட்டு, பிறகு மூன்று லட்சம் ரூபாய்க்கு மைசூர் சிக்கதேவராஜ உடையாருக்குக் கைமாறிய காலத்தை ஒட்டியது அது. ஊர்ச் சத்திரத்தில் தங்கிய யாத்திரிகர் கூட்டத்தில் ஒருவருக்கு மட்டும் மற்றவர்கள் காலைக் கழுவி விடுவதைச் சிலர் கண்டனர். 'இவர் எளிய யாத்திரிகர் அல்லர்' என்ற ஐயம் எழுந்து, செய்தி காவலருக்குப் போயிற்று. அதை உணர்ந்த துணைவர்கள், ராஜாராமைச் சிலரோடு வேறு வழியில் அனுப்பிவிட்டுத் தாங்கள் பின்தங்கினர். கண்டோ பல்லாள் என்ற செயலாளரும் பிறரும் பிடிபட்டு அடியும் துன்பமும் பட்டனர். வாய் திறக்கவில்லை. சாதாரண யாத்திரிகர்களே என்று விடப்பட்டுப் பின்னர் அவர்களும் செஞ்சியைச் சேர்ந்தனர். நவம்பர் தொடக்கத்தில் ராஜாராம் கோட்டைக்குள் புகுந்தார்.

இக்கதையை ராஜகிரி அடிவாரத்தில் ஒரு புளியமரத்து நிழலில் சொன்னபோது, கல்லூரியில் பயிலும் என் மகள் கேட்டாள்: 'அப்பா, கால் கழுவியதைப் பார்த்துச் சொன்னவர்கள் நம்மூர்க்காரர்களா?' ஆம், பெங்களூர்க்காரர்கள்தாம். அவள் பெங்களூரை 'நம்மூர்' என்றதை என் மாமியார் கவனித்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

மராட்டிய அரசு எட்டாண்டுக் காலம் செஞ்சியிலிருந்தே நடந்தது. 'பிரதிநிதி' என்னும் உயர் பதவி இங்கேதான் பிரகலாத் நிராஜிக்காக ஏற்படுத்தப்பட்டது. பணமுடை மிகுந்த அக்காலத்தில்தான், 1690இல், கடலூர்க்கு அருகிலிருந்த தேவனாம்பட்டினக் கோட்டையை ராஜாராமின் அரசு ஆங்கிலக் கம்பெனிக்கு விற்றது. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் சென்று விழுகிறதோ அவ்வளவு நிலமும் கோட்டையைச் சேரும் என்பது உடன்படிக்கை. கம்பெனியார் தம் மிகச் சிறந்த பீரங்கியைத் தேடிக் கொணர்ந்து சுட்டனர். குண்டு உப்பலவாடி என்று அங்கே ஓர் ஊர்ப்பெயர் இன்றும் வழங்குவது அக்குண்டின் நினைவால் என்பர்.

மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான் 1690இல் செஞ்சியின் முன் பாசறை இட்டார். 1698இன் தொடக்கத்தில்தான் கோட்டை வீழ்ந்தது. எட்டாண்டு முற்றுகை! இதனைப் படிக்கும்போது எட்டாண்டும் இடைவிடாத போர் என்று எண்ணிவிடக் கூடாது. 13 கிலோமீட்டர் மதிலை முழுவதும் வளைத்து நிற்க அவரிடம் படை இல்லை. ஒரு வாயிலை அடைத்தால் மறு வாயிலால் தானியம் உள்ளே போகும். மழைக்காலத்தில் பாசறை சேறாகும். 1692இன் இறுதியில் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகிய மராட்டியத் தளபதிகள் வந்து சேர்ந்து, காஞ்சிபுரத்து மொகலாய அதிகாரி அலிமர்தான் கானைச் சிறைப்பிடித்தனர். முற்றுகை இட்டவர்களே முற்றுகைக்குள்ளானார்கள். ஔரங்கசீப்பின் இளைய மகன் காம் பக்ஷ் பாசறையில் இருந்தார். அவர் ராஜாராமோடு மறைவாகப் பேசுகிறார் என்று ஐயுற்ற ஜுல்பிகார் கானும் அவர் தந்தை அசத் கானும் இளவரசரையே காவலில் வைத்தனர். பின்னர்ப் படையைச் சில காலம் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். ஜுல்பிகார் கான் போரை வேண்டுமென்றே நீட்டித்தார் என்று அப்படையிலேயே பணியாற்றிய பீம்சேன் தம் பாரசீக நினைவுக் குறிப்பில் ஐயுறுகிறார். கோட்டை பிடிபட்டால் தளபதிக்கு அடுத்து வேறொரு கடினப் பணி காத்திருக்கும். பிடிபடாதிருக்கும் வரை பெரும்படையும் பெரும்பணமும் அவர் கையில் இருக்கும். இறுதித் தாக்குதலுக்குச் சற்று முன்னரே ராஜாராம் தப்பிவிட்டார். அவருடைய மனைவியர் உள்ளே அகப்பட்டனர். வெற்றி பெற்ற மொகலாயர் கோட்டைக்கு நுஸ்ரத்கட் என்று பெயரிட்டனர். அதற்கு முன் பீஜப்பூரார் பாதுஷாபாத் என்று இட்ட பெயரும் ஒன்று உண்டு. ஊர் மக்கள் இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

இந்த முற்றுகையில் பங்கு கொண்ட புந்தேலாப் படைத்தலைவருள் ஒருவரான சொரூப் சிங்குக்கு 1700ஆம் ஆண்டளவில் செஞ்சி கில்லேதார் பதவி கிடைத்தது. அவர் 1714இல் இறந்தார். அவருடைய மகன் தேஜ் சிங்கே தமிழர் நாவில் தேசிங்கு ஆனவர்.

தேசிங்கின் கதைப்பாட்டை அறியாத தமிழ் நாட்டார் முன்னாளில் இல்லை. டில்லி பாதுஷாவிடம் யாராலும் அடக்க முடியாத குதிரை ஒன்று வருகிறது. அதை அடக்க முடியாத தந்தை சிறைப்படுகிறார். சிறுவன் தேசிங்கு அதன் மீதேறி அடக்கித் தந்தையை மீட்கிறான்; பரிசாகக் குதிரையையும் பெண்ணையும் பெறுகிறான். பாராசாரி என்ற அக்குதிரையும், மோவுத்துக்காரன் என்ற உயிர்த்தோழனும் கதையில் தேசிங்குக்கு இணையாக நிற்பவர்கள். அத்தோழன் முகம்மதியன், மணமேடையிலிருந்து எழுந்து நண்பனுக்காகப் போருக்குப் போனவன் என்று கூத்தில் வரும் இடத்தை என் மாமியார் பிள்ளைகளுக்குச் சொன்னார். சொல்லும்போது குரல் தழுதழுத்தது. 1960இல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' திரைப்படமும் வெளிவந்தது.

ஆவணங்கள் சொல்லும் தேசிங்கின் கதை இதைவிடச் சிறியது. இதைவிடக் கொடியது என்றும் சொல்லலாம். தந்தை இறந்ததும் வடக்கேயிருந்து வந்த இளைஞர், புதிய பாதுஷாவின் அனுமதிப் பத்திரம் இன்றியே பதவியை மேற்கொண்டார். ஆர்க்காட்டு நவாப் சாதத்துல்லா கான் நிலுவைத் திறை கேட்டார். 70 லட்சம் ரூபாய் என்பர். தேசிங்கு மறுத்தார். பேரரசின் கணக்கு வழக்கில் எழுந்த தகராறே இது. 1714 அக்டோபர் 3ஆம் நாள் சில நூறு குதிரை வீரரோடு நவாபின் பெரும்படையை எதிர்த்துத் தேசிங்கு மாண்டார். வயது இருபத்திரண்டு அளவே. ஆண்டது ஓராண்டுகூட இல்லை. அவருடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினார். செட்டிகுளத்தின் கரையிலுள்ள மேடையை அவ்விடம் என்று காட்டுகிறார்கள். அவ்வம்மையின் நினைவாகவே ஆர்க்காட்டுக்கு எதிர்க்கரையில் ராணிப்பேட்டை அமைந்தது என்பது செவிவழிச் செய்தி. வெற்றி பெற்ற நவாப் கோட்டைக்குள் கட்டிய பள்ளிவாசல் புதுச்சேரி வாயிலருகே இன்றும் உள்ளது.

'தேசிங்கு தமிழரா?' என்று என் மகன் கேட்டான். இல்லை. புந்தேல்கண்டிலிருந்து வந்த ராஜபுத்திரர். தமிழ் பேசினாரா என்பதற்குக் கதைப்பாட்டைத் தவிர வேறு சான்று இல்லை. கதைப்பாட்டில் எல்லாரும் தமிழே பேசுகிறார்கள். செஞ்சியை ஆண்டவர்களுள் கோன்மார்களைப் பாட ஆளில்லை. பெருநகரம் கண்ட கிருஷ்ணப்ப நாயக்கரை மக்கள் மறந்தனர். எட்டாண்டு எதிர்த்து நின்ற ராஜாராமைப் பற்றித் தமிழில் ஒரு நாட்டுப்பாடல் பரவியதாக நான் கேட்டதில்லை. பத்து மாதம் ஆண்ட இளைஞரை மட்டும் நம் மக்கள் வீட்டுப்பிள்ளையாக எடுத்துக்கொண்டனர். வென்று ஆண்டவர் வரி கேட்டார். தோற்று இறந்தவர் எதுவும் கேட்கவில்லை என்பது காரணமாகலாம். என் மாமியார் சொன்ன காரணம் வேறு. 'அந்தப் பிள்ளை இந்த மண்ணில்தானே செத்தது' என்றார் அவர்.

பிரெஞ்சுக்காரர் கதைக்கு வருவோம். 1750 செப்டம்பரில் முகம்மது அலியின் படையைச் செஞ்சிக்கு அருகே முறியடித்த புஸ்ஸி என்னும் தளபதி, ஓடியவர்களைத் துரத்தி வாயில் வரை வந்தார். வெடி வைத்துக் கதவைப் பிளந்தார். அன்றிரவே மூன்று குன்றுகளின் மீதும் ஒரே நேரத்தில் வீரர்களை ஏற்றினார். விடியுமுன் கோட்டை அவர் வசம். மொகலாயருக்கு எட்டாண்டு; புஸ்ஸிக்கு ஓரிரவு. ஐரோப்பா முழுவதும் இச்செய்தி வியப்போடு பேசப்பட்டது. பகற்பொழுதில் அம்மலைகளைப் பார்த்த பிறகு, தாம் எப்படி ஏறினோம் என்று வென்றவர்களே திகைத்தனர் என்பர்.

பிரெஞ்சு நாட்டிலேயே இதற்கு ஒப்பான கதை ஒன்றுண்டு. ஆனந்தக் கோன் செஞ்சியில் கல் அடுக்கியதாகச் சொல்லப்படும் அதே காலத்தில், 1196 முதல் 1198 வரை, இங்கிலாந்தின் அரசர் முதலாம் ரிச்சர்ட், சேன் ஆற்றின் மேல் ஷாத்தோ கையார் என்னும் கோட்டையைக் கட்டினார். யாராலும் வெல்ல முடியாதது என்று பெயர் பெற்ற அக்கோட்டையை 1204 மார்ச்சில், சில மாத முற்றுகைக்குப் பின், பிரெஞ்சு அரசர் இரண்டாம் பிலிப் கைப்பற்றினார். கழிப்பறைத் துளை வழியே வீரர் ஏறி உட்புகுந்தனர் என்று அங்கே சொல்வார்களாம். கோட்டைக்குள் அடைக்கலம் புகுந்த ஊர் மக்களை உணவு போதாதென்று வெளியே துரத்த, இரு படைக்கும் நடுவே குளிர்காலத்தில் அவர்கள் பட்டினியால் மடிந்தனர். செஞ்சி முற்றுகையில் சுற்றுப்புறத்துச் சிற்றூர் மக்கள் பட்ட பாட்டை யாரும் இவ்வாறு விரிவாக எழுதி வைக்கவில்லை. எட்டாண்டுக் காலம் இரு படைகளுக்கும் தீனி அந்த வயல்களிலிருந்துதான் போயிருக்க வேண்டும்.

பிரெஞ்சுக்காரர் பதினோராண்டு செஞ்சியை வைத்திருந்தனர். காய்ச்சலும் வெயிலும் அவர்களை வாட்டின. அக்காலத்தில் ஐரோப்பிய வீரர் ஏறத்தாழ 1,200 பேர் அங்கே நோயால் இறந்ததாகப் பழைய தென்னார்க்காட்டு மாவட்ட நூல் கூறும். 1761 ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது. உதவி வரும் வழியின்றித் தனித்து நின்ற செஞ்சி, ஏப்ரலில் காப்டன் ஸ்டீபன் ஸ்மித்திடம் சரணடைந்தது. சரணடைந்த பிரெஞ்சுத் தளபதியின் பெயர் மக்ரெகர், அவர் ஸ்காட்லாந்துக்காரர்! 1780இல் ஹைதர் அலி அதனை எளிதாகக் கைக்கொண்டார். அவ்வாறு மைசூர்ப் படையும் ஒருமுறை அதன் மீது ஏறியது. அத்துடன் கோட்டையின் போர் வாழ்வு முடிந்தது. 1921இல் தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. சி. எஸ். சீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு, இன்றும் இத்துறையில் முதலில் எடுக்க வேண்டிய நூல்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் பன்னிரண்டு கோட்டைகளைச் சேர்த்தது. மகாராஷ்டிரத்திலிருந்து பதினொன்று, தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்று. பட்டியலின் பெயர் 'மராட்டியப் படை நிலப்பரப்புகள்' என்பது. பெயரைக் கண்டு மனம் சிறிது நெருடியது என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மராட்டியர் செஞ்சியில் இருந்தது 1677 முதல் 1698 வரை இருபத்தோராண்டுகளே. கோன்மார்கள், நாயக்கர்கள், பீஜப்பூரார், மொகலாயர், நவாபுகள், பிரெஞ்சுக்காரர் என்ற வரிசையில் அது ஓர் அடுக்கு. ஆனால் 'இது தமிழர் கோட்டை' என்று மட்டும் பலகை எழுதி வைத்தாலும் அதே குறையே நேரும். அந்த மதிலின் ஒரு முழ நீளத்தில் எத்தனை பேர் கைவேலை இருக்கிறதென்று பிரித்துச் சொல்ல முடியாது.

இதில் நமக்கு, பிற மாநிலங்களில் வாழும் தமிழருக்கு, தனிப்பட்ட ஓர் அக்கறை உண்டு. நான் குடியிருக்கும் தொம்மலூரில் சொக்கநாத சுவாமி கோயில் என்று இன்று வழங்கும் பெருமாள் கோயில் இருக்கிறது. அதன் கற்களில் பதின்மூன்றாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டுக்கள் உள்ளன. தேசிமாணிக்கப்பட்டணம் என்னும் தொம்பலூர் என்று அவை ஊரைக் குறிக்கின்றன. தெய்வத்தின் பெயர் சொக்கப்பெருமாள். கொடை கூறும் கல்வெட்டு ஒன்றில் போசள வீரராமநாத தேவன் பெயர் காணப்படுகிறது. கன்னடநாட்டுப் போசள குலத்தில் பிறந்து, திருவரங்கத்துக்கு அருகே கண்ணனூரிலிருந்து ஆண்டு, பெங்களூர்ப் பக்கத்துக் கோயிலுக்குத் தமிழில் கொடை எழுதுவித்த அரசர் அவர். அவரை எந்த மாநிலத்தவர் என்று எழுதுவது? அக்கல்வெட்டைக் காட்டி 'இது எங்கள் ஊர்' என்று நாம் உரிமை பாராட்டத் தொடங்கினால், செஞ்சி மதிலைக் காட்டிப் பேசப் பலர் வருவர். கல்வெட்டு ஒரு கோயிலுக்கு நந்தா விளக்கு எரிவதற்கும் பூசை நடப்பதற்கும் எழுதப்படும் கணக்கு. வீட்டுப் பத்திரம் அன்று.

போக விரும்பும் நேயர்களுக்குச் சில குறிப்புகள். ராஜகிரியை ஏறுவதானால் காலையிலேயே தொடங்கிவிட வேண்டும். பத்து மணிக்குமேல் பாறை அடுப்பாகிவிடும். வழியில் குரங்குகள் மிகுதி. கையில் தின்பண்டம் எடுத்துச் செல்லாதீர்கள். குடிநீர் மட்டும் போதிய அளவு வேண்டும். முதியோர்க்குக் கல்யாண மகாலும் களஞ்சியங்களும் ஆனைக்குளமும் வேங்கடரமணர் கோயிலும் ஒரு நாளுக்குப் போதும். என் மாமியார் அவ்வளவோடு நின்றுகொண்டார். நாங்கள் உச்சியிலுள்ள ரங்கநாதர் கோயில் வரை ஏறினோம். வழியிலுள்ள கமலக்கண்ணியம்மன் கோயில் எல்லா அரசுகளுக்கும் மூத்தவளின் கோயில் என்று ஊரார் நம்புகிறார்கள். உச்சியில் நின்றால் மற்ற இரு குன்றுகளும், இடையே முறியாமல் ஓடும் மதிலும், அப்பால் பச்சை வயல்களும் ஒருங்கே தெரிகின்றன. என் மகன் அங்கே கிடக்கும் பீரங்கியின் மீது கை வைத்து, அது எவ்வூரை நோக்கியிருக்கிறது என்று திசை பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றாம் நாள் புதுச்சேரிக்குச் சென்றோம். கடற்கரைச் சாலையில் காந்தியடிகளின் சிலையைச் சுற்றி நிற்கும் நெடிய கருங்கல் தூண்கள் செஞ்சியிலிருந்து பிரெஞ்சுக்காரர் பெயர்த்துக் கொணர்ந்தவை என்று கூறுவர். நாயக்கர் காலத்துச் சிற்பியின் உளி அவற்றில் நன்கு தெரிகிறது. மாலையில் என் மாமியார் ஒரு தூணருகே சென்று, கோயிலில் செய்வது போலவே அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.